ஊர் மருந்தகம் ஊரவர் கையில்

வெங்காயத்துக்கு மருந்து அடிக்கும் எமது விவசாயி, போத்தலின் மூடியைத் திறப்பதற்கு முன்னர் கேட்கும் கேள்விகள் பல. ஒரு தாங்கித் தண்ணீருக்கு எத்தனை மூடி விடுவது? விடியப்புறம் அடிப்பதா, வெயில் சாய்ந்த பின்னர் அடிப்பதா? அடித்து எத்தனை நாள் கழித்துக் கிண்டலாம்? கடைக்காரர் சொல்லும் விடை திருப்தி தராவிட்டால் விவசாயப் போதனாசிரியரைத் தேடிச் சென்று கேட்பார். கலவை கூடினால் பயிர் கருகும், குறைந்தால் பூச்சி சாகாது என்பது அவர் அனுபவத்தால் கற்ற பாடம்.

அதே விவசாயியிடம், "ஐயா, நீங்கள் போடுகிற பிறஷர்க் குளிசையின் பெயர் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "சின்ன வெள்ளைக் குளிசை, பாதர்" என்பார். "ஒரு நாளைக்கு எத்தனை?" என்றால், "முதலில் இரண்டு போட்டனான். இப்ப ஒன்று போடுறன்" என்பார். "டொக்டர் குறைக்கச் சொன்னவரோ?" என்றால் பதில் வராது. தலையைக் குனிந்துகொள்வார்.

பயிருக்கான மருந்தைச் சங்கத்தில் வாங்கி, எமது கண்முன்னே அளந்து, எமது மொழியில் விளக்கம் கேட்டுப் பழகிய நாம், எமது உடலுக்கான மருந்து விடயத்தில் மாத்திரம் ஏன் இப்படி வாய்மூடி நிற்கிறோம்? ஒவ்வொரு கிராமத்துக்கும், அல்லது இரண்டு மூன்று கிராமங்களுக்குச் சேர்த்து, ஊரவருக்கே சொந்தமான ஒரு மருந்தகம் இருந்தால் என்ன? அதனை அரசின் இலவச வைத்திய சேவையோடு இணைத்து நடத்த முடியாதா? இக்கேள்வியையே இம்முறை எமது வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது

வலிகாமம் வடக்கின் செம்மண் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர் அவர். 1990 ஆனியில் மனைவி, பிள்ளைகள், ஒரு பசுமாடு ஆகியவற்றோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டவர். 1995 ஐப்பசி 30இல் வலிகாமமே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது மீண்டும் நடந்தவர். முகாம், உறவினர் வளவு, வாடகை வீடு என்று 28 வருடங்கள் அலைந்து, 2018இல் காணி விடுவிக்கப்பட்டபோது திரும்பி வந்தார். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, மறுபடியும் வெங்காயம் நட்டார். அவருக்குச் சீனி வருத்தமும் பிறஷரும் இருந்தன. மாதமொரு முறை கிளினிக்குக்குப் போய் மருந்து எடுத்து வந்தார்.

2022ஆம் ஆண்டு நாட்டின் கையிருப்பில் அந்நியச் செலாவணி இல்லாமற் போனபோது எரிபொருளும் இல்லை, மருந்தும் இல்லை. இலங்கை தனக்குத் தேவையான மருந்துகளில் பெரும்பங்கை வெளிநாடுகளிலிருந்தே இறக்குமதி செய்கிறது. டொலர் இல்லையேல் குளிசை இல்லை. அவருக்குக் கிளினிக்கில் இரண்டு வாரத்து மருந்து தந்து, மீதியை வெளியில் வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுத்தார்கள். பஸ் ஓடவில்லை. பட்டணத்துக்குச் சைக்கிளில் போய் வாங்குவதற்கு உடம்பில் பெலனும் இல்லை, கையில் காசும் இல்லை. எனவே அவர் ஒருவருக்கும் சொல்லாமல் ஒன்றுவிட்ட ஒருநாள் குளிசை போடத் தொடங்கினார். பின்னர் அதையும் பாதியாக உடைத்தார். ஒருநாள் காலை தண்ணீர் மாறப் போனவர் வாய்க்காலில் விழுந்து கிடந்தார். பாரிசவாதம். உயிர் தப்பினார், வலது கையும் காலும் இன்றுவரை வழங்கவில்லை. இருபத்தெட்டு வருடம் காத்திருந்து பெற்ற காணியை இப்போது குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இது ஒரு குடும்பத்தின் கதை. ஆயினும் எமது கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும் எவரும் இதைப் போன்ற இரண்டு மூன்றை அறிந்திருப்பர். போரில் தப்பியவர்கள், பதுங்கு குழியில் தப்பியவர்கள், இன்று ஒரு சிறு குளிசை வேளைக்குக் கிடையாததால் விழுகிறார்கள். இதனை விதி என்று சொல்லிவிட்டு நகர எமது மனம் இடம் தரவில்லை.

இலவசத்தின் விலை

இலங்கையின் இலவச சுகாதார சேவை பெருமைக்குரியது. குடும்பநல உத்தியோகத்தர் படலை திறந்து வந்து கர்ப்பிணித் தாயைப் பார்ப்பதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்குக் குளோரின் போடுவதும் பல நாடுகளில் காணக் கிடைக்காத காட்சிகள். போர் உச்சத்தில் இருந்த காலத்திலும் எமது வைத்தியசாலைகளின் கதவுகள் முற்றாக மூடப்படவில்லை. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் மருந்துகள் அளந்தும் தாமதித்தும் வந்தபோது, செஞ்சிலுவைச் சங்கக் கப்பலை எதிர்பார்த்து நின்ற வைத்தியர்களும் தாதியரும் பட்ட பாட்டை அக்காலத்தவர் மறக்கமாட்டார்கள். நாம் அப்போது பாடசாலைச் சிறுவர். கையில் ஜீவனிப் பக்கற்றோடு அம்மா நின்ற வரிசை இன்றும் எமது கண்ணுக்குள் இருக்கிறது.

ஆனால் இலவசம் என்பது மருந்து தரும் யன்னலோடு முடிந்துவிடுவதில்லை. பஸ் காசு உண்டு. ஒரு நாட்கூலி போகிறது. கிழவரைக் கூட்டிச் செல்லும் மகனின் கூலியும் போகிறது. யன்னலில் மருந்து இல்லையென்றால் வெளிக்கடையின் விலை உண்டு. இவை யாவும் சேர்ந்தால், இடம்பெயர்ந்து வாழும் அல்லது அண்மையில் மீளக் குடியேறிய ஒரு கமக்காரக் குடும்பத்துக்கு அந்த "இலவசம்" கனமான செலவாகிவிடுகிறது.

சிறு கட்டணமும் ஏழையைத் தடுக்கும் என்பதற்கு எமது நாட்டிலேயே சான்றுண்டு. 1971இல் அரசாங்க வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில் 25 சதம் அறவிடப்பட்டது. வெளிநோயாளரின் வருகை குறைந்தது. 1977இல் அக்கட்டணம் நீக்கப்பட்டது. வெறும் 25 சதம் தடுத்தது என்றால், இன்றைய பஸ் கட்டணமும் ஓட்டோக் கூலியும் எத்தனை பேரைத் தடுக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பாருங்கள்.

கடை வேறு, மருந்தகம் வேறு

"சந்திக்குச் சந்தி பாமசி இருக்கிறதே, பின் எதற்கு இன்னொன்று?" என்று சிலர் கேட்பர். நல்ல முறையில் நடக்கும் மருந்துக்கடைகள் இருக்கின்றன. இரவு பதினொரு மணிக்குத் தட்டினாலும் எழுந்து மருந்து கொடுக்கும் உரிமையாளர்களையும் நாம் அறிவோம். அவர்களைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. ஆயினும் கடை என்பது விற்றால்தான் வாழும். எனவே அது சனநடமாட்டமுள்ள சந்தியைத் தேடும். மீளக்குடியேறிய கிராமத்தின் மண் ஒழுங்கைக்கு வராது. விலை கூடிய பெயரில் வரும் மருந்தை விற்பதில் இலாபம் கூட.

இங்கே ஒரு விடயத்தை யாவரும் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மருந்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று அதன் பொதுப்பெயர். மற்றது கொம்பனி வைத்த பெயர். "பனடோல்" கொம்பனிப் பெயர், "பரசிற்றமோல்" பொதுப்பெயர். இரத்மலானையிலுள்ள அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் செய்யும் பரசிற்றமோலிலும் அதே மருந்துதான் உண்டு, விலை குறைவு. சீனி வருத்தத்துக்கும் பிறஷருக்கும் காலம் முழுவதும் போடும் குளிசைகளிலும் இதே நிலைதான். மாதம் மாதம் வாங்குபவருக்கு இந்த வித்தியாசம் ஒரு பிள்ளையின் கொப்பிச் செலவுக்குச் சமனாகும்.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களுள் முன்னணியில் நின்றவர் எமது நாட்டவரே. மருந்தியல் பேராசிரியர் சேனக்க பிபிலே, 1971இல் ஆரம்பிக்கப்பட்ட அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்தார். ஆயிரக்கணக்கான பெயர்களில் வந்து குவிந்த மருந்துகளைத் தேவையான சில நூறாகக் குறைத்தார். அவற்றைப் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்க வழி செய்தார். பெரிய கொம்பனிகள் எதிர்த்தன. 1977இல் அவர் கயானாவில் காலமானார். அதே 1977இல்தான் உலக சுகாதார தாபனம் அத்தியாவசிய மருந்துகளின் முதலாவது பட்டியலை வெளியிட்டது. இந்நாட்டின் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமும் அவர் காட்டிய வழியில் வந்ததே. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. சட்டம் இருக்கிறது, அதன் பயன் ஒழுங்கைக்குள் வந்து சேர்வதற்குத்தான் ஆளில்லை.

எமது தவறும் ஒன்று

மருந்து விடயத்தில் நாமும் தவறு செய்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2004 மார்கழி 26இல் ஆழிப்பேரலை அடித்தபின், குருமட மாணவராக இருந்த நாம் வடமராட்சி கிழக்கில் நிவாரணப் பெட்டிகளைப் பிரிக்கும் வேலையில் ஈடுபட்டோம். எந்த நாட்டு மொழி என்றே தெரியாத எழுத்துக்களோடு மருந்துப் பெட்டிகள் வந்தன. சிலவற்றில் திகதி கடந்திருந்தது. மனம் நிறைந்த இரக்கத்தோடும் மூளை நிறைந்த அறியாமையோடும், நிறத்தைப் பார்த்து அடுக்கி, கேட்டவர்களுக்குக் கொடுக்கவும் தொடங்கினோம். அவ்வழியால் வந்த வைத்தியர் ஒருவர் எம்மைத் தடுத்து நிறுத்தினார். "நஞ்சுப் போத்தலுக்கு எவ்வளவு பயப்படுவீர்களோ, அவ்வளவு பயம் இதற்கும் வேண்டும் தம்பி" என்றார். பெட்டிகளில் பெரும்பகுதி ஒதுக்கப்பட்டது.

அன்று கற்ற பாடத்தை மறக்கவில்லை. மருந்து கொடுப்பது தர்மம் செய்வது போன்றதன்று. அதற்குக் கற்றவர் வேண்டும், கணக்கு வேண்டும், மேற்பார்வை வேண்டும். ஆகவே நாம் கேட்பது கோயில் மண்டபத்தில் ஒரு மருந்துப் பெட்டி வைப்பதை அன்று. பதிவு பெற்ற மருந்தாளர் இருக்கும், அனுமதிப்பத்திரம் பெற்ற, ஊர் மக்களுக்குச் சொந்தமான ஒரு மருந்தகத்தையே கேட்கிறோம்.

எம்மிடம் முன்னர் இருந்தது

இது எமக்குப் புதிய எண்ணமன்று. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு இயக்கம் தளைத்திருந்த 1930களிலேயே மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை தோன்றியது. ஊரவர் அங்கத்தவராகச் சேர்ந்து எழுப்பிய வைத்தியசாலை அது. கமக்காரரும் ஆசிரியரும் சிறு வியாபாரிகளும் சேர்ந்தால் ஒரு வைத்தியசாலையையே நடத்தலாம் என்று காட்டிய மண்ணில், ஒரு மருந்தகத்தை நடத்த முடியாதா?

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களையும் எண்ணிப் பாருங்கள். இடப்பெயர்வுக் காலத்தில் நிவாரண அரிசியும் மாவும் சீனியும் எமது கைக்கு வந்தது சங்கக்கடை மூலமே. பங்கீட்டு அட்டையை நீட்டி, முறைப்படி பெற்று, பெயரை வெட்டிச் சென்றோம். குண்டு விழுந்த காலத்திலும் அந்தக் கணக்குப் புத்தகம் மூடப்படவில்லை.

இன்னுமொன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1873இல் திரும்பிச் செல்லும்வரை, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே எமது மொழியில் வைத்தியம் பேசியிருக்கிறது. இன்று எமது தாய்மார் கையில் வரும் மருந்துப் பையிலோ ஒரு கிறுக்கல். 'பி.டி.' என்றால் நாளுக்கு இரண்டு தடவை, 'ரி.டி.எஸ்.' என்றால் மூன்று தடவை என்று அவர்களுக்குச் சொல்வார் யார்?

அயலிலும் அப்பாலும்

பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. அரச வைத்தியசாலைகளுக்கான மருந்துகளை அது பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கி மாவட்டக் களஞ்சியங்களில் வைக்கிறது. ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் வங்கிப் புத்தகம் போன்ற ஒரு பாஸ் புத்தகம் கொடுக்கப்பட்டது. தனக்கு ஒதுக்கப்பட்ட தொகைக்குள் வேண்டியதை எழுதி எடுத்துக்கொள்ளலாம். 2014இல் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் அம்மா மருந்தகங்கள் திறக்கப்பட்டன. 2025 மாசி 24இல் பொதுப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலையில் விற்கும் முதல்வர் மருந்தகங்கள் ஆயிரம் ஒரே நாளில் ஆரம்பிக்கப்பட்டன. இவற்றில் ஒரு பகுதியைக் கூட்டுறவுச் சங்கங்களும், மறுபகுதியை மருந்தியல் கற்ற இளைஞர்களும் நடத்துகிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சீனி வருத்தத்துக்கும் பிறஷருக்குமான குளிசைகளைப் பெண் தொண்டர்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

லண்டனில் இருக்கும் எமது உறவினரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2024 தையிலிருந்து இங்கிலாந்தில் தொண்டை நோ, காதுவலி போன்ற ஏழு சிறு வருத்தங்களுக்கு, வைத்தியரிடம் நாள் குறிக்காமல் அயலிலுள்ள மருந்தகத்திலேயே மருந்தாளரைக் கண்டு, தேவையானால் மருந்தும் பெறலாம். வசதி படைத்த நாடுகளே மருந்தகத்தைச் சுகாதார சேவையின் ஓர் உறுப்பாக்கும்போது, நாம் அதனைச் சந்திக்கடை என்றே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆபிரிக்காவிலிருந்து ஓர் எச்சரிக்கையும் வருகிறது. 1987இல் மாலி நாட்டின் பமாக்கோ நகரில் கூடிய ஆபிரிக்க சுகாதார அமைச்சர்கள், கிராமக் குழுக்கள் மருந்தை வாங்கி, சிறிது கூடிய விலைக்கு விற்று, அந்த வருவாயில் கிராம சுகாதார நிலையத்தை நடத்தும் திட்டத்தை ஏற்றனர். பல இடங்களில் முன்பு வெறுமையாகக் கிடந்த தட்டுகளில் மருந்து வந்தது. ஆனால் காசில்லாத பரம ஏழைகள் வாசலிலேயே நின்றுவிட்டனர். ஊர் மருந்தகம் என்ற பெயரில் இலவச சேவையைக் காசுச் சேவையாக மாற்ற எவருக்கும் நாம் வழிவிடக்கூடாது என்பதே இதன் பாடம்.

எமது ஊரில் எப்படி?

முதலாவது, உரிமை. மருந்தகம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கீழ் இருக்க வேண்டும். ஊரவர் சிறு பங்குகள் எடுக்கட்டும். பூட்டிக் கிடக்கும் சங்கக்கடைக் கட்டடங்கள் பல உண்டு. ஓர் அறையைத் திருத்தி வெயில் படாமல், எலி புகாமல், காற்றோட்டமாக அமைத்தால் போதும். இன்சுலினுக்குக் குளிர்சாதனப் பெட்டி ஒன்று அவசியம்.

இரண்டாவது, ஆள். பதிவு பெற்ற மருந்தாளர் கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் அங்கே இருக்க வேண்டும். சான்றிதழ் மாத்திரம் சுவரில் தொங்கக்கூடாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எமது பிள்ளைகள் மருந்தியல் கற்கிறார்கள். ஊரிலிருந்தே ஒரு பிள்ளையைப் படிப்பிக்க உதவி, படித்து முடித்தபின் சில வருடம் ஊரில் பணியாற்றும்படி சங்கம் உடன்பாடு செய்யலாம். வெளிநாட்டு உறவினர் திருவிழாவுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போனால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

மூன்றாவது, பட்டியலும் விலையும். பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியோடு இருந்து, எமது ஊரில் அதிகம் வேண்டப்படும் மருந்துகளின் ஒரு சிறு பட்டியலைத் தயாரிக்க வேண்டும். பொதுப்பெயரில் வாங்கி, பெயரும் விலையும் தமிழில் பலகையில் எழுதி வாசலில் தொங்கவிட வேண்டும். ஒவ்வொரு மருந்துப் பையிலும் எதற்கு, எத்தனை, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பன தமிழில் தெளிவாக இருக்க வேண்டும். அன்ரிபயோரிக் மருந்துகள் வைத்தியரின் துண்டு இல்லாமல் ஒருபோதும் கொடுக்கப்படலாகாது. இன்று இரண்டு குளிசை வாங்கிப் போட்டு நாளை நிறுத்தினால், கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பின்னர் உண்மையான ஆபத்து வரும்போது அந்த மருந்து கைகொடாது.

நான்காவதே மிக முக்கியமானது. கிளினிக் மருந்து ஊருக்கு வர வேண்டும். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது, கிளினிக் நோயாளரின் மாதாந்த மருந்துகளை வைத்தியசாலைகள் பொதி செய்து தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்பின. ஊரடங்குக்குச் செய்ய முடிந்ததை ஏன் ஊர் வறுமைக்குச் செய்ய முடியாது? வருத்தம் கட்டுப்பாட்டில் உள்ளவர்களின் பொதிகளை வைத்தியசாலை பெயரிட்டு அனுப்பட்டும். ஊர் மருந்தகம் ஒரு சதமும் வாங்காமல் கையெழுத்து வாங்கிக் கொடுக்கட்டும். அப்போதே பிறஷரை அளந்து கொப்பியில் குறிக்கலாம். கூடியிருந்தால் உடனே கிளினிக்குக்கு அனுப்பலாம். மருந்து எடுக்க வராதவரின் வீட்டுக்கு ஆள் அனுப்பலாம். அந்த விவசாயி வாய்க்காலில் விழுவதற்கு முன்னரே ஒருவர் அவருடைய படலையைத் தட்டியிருப்பார்.

ஐந்தாவது, வறியோர் நிதி. இலாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, வெளியில் வாங்கவேண்டிய மருந்துக்குக் காசில்லாதவருக்குக் கொடுக்க வேண்டும். பெயர் வெளியில் வரக்கூடாது. இரந்து கேட்கும் நிலைக்கு எவரையும் தள்ளக்கூடாது.

எழும் ஐயங்கள்

"சங்கங்கள் நட்டப்பட்டுப் பூட்டியதை நாங்கள் பார்க்கவில்லையா?" என்பது முதல் ஐயம். பார்த்தோம். கடன் கொடுத்து வசூலிக்காததாலும், கட்சிக்காரர் நிருவாகத்துக்குள் புகுந்ததாலும், கணக்கு மறைக்கப்பட்டதாலும் அவை வீழ்ந்தன. எனவே கடன் இல்லை. உதவி தேவைப்படுபவருக்கு வறியோர் நிதி உண்டு. மாதாந்தக் கணக்கு வாசலில் ஒட்டப்பட வேண்டும். நிருவாகக் குழுவில் பாதிப்பேராவது பெண்களாக இருக்கட்டும். எந்த வீட்டில் எந்த வருத்தம், எந்த மருந்து முடிந்தது என்பதை அறிந்தவர்கள் அவர்களே.

"நாம் செய்யத் தொடங்கினால் அரசாங்கம் கையைக் கழுவிவிடும்" என்பது இரண்டாவது ஐயம். இது நியாயமான பயம். ஆனால் ஒழுங்கான ஊர் மருந்தகம் அரசாங்கத்தைத் தப்ப விடாது. எந்த மாதம் எந்த மருந்து வைத்தியசாலையில் இல்லை, எத்தனை பேர் வெளியில் வாங்கினர் என்ற கணக்கு அதன் கொப்பியில் இருக்கும். வெறுங்கையோடு போய் முறையிடுபவரின் சொல்லைவிடக் கணக்கோடு போகும் சங்கத்தின் சொல்லுக்கு எந்தக் கந்தோரிலும் மதிப்பு உண்டு. தரமற்ற மருந்துக் கொள்வனவு தொடர்பில் 2024இல் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே கைதுசெய்யப்பட்ட நாடு இது. மக்களின் கண் திறந்திருக்க வேண்டும்.

"எங்களுக்குச் சொந்தக் காணியே இன்னும் இல்லை, மருந்தகமா முதலில்?" என்று கேட்போரும் உண்டு. விடுவிக்கப்படாத காணிகளுக்காக இன்றும் காத்திருக்கும் குடும்பங்களின் வேதனையை நாம் அறிவோம். அக்கோரிக்கையை ஒருநாளும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் காணி திரும்பும் நாளில் அதில் இறங்கி மண்வெட்டி பிடிக்கக் கையும் காலும் வேண்டும். தமது காணியைப் பார்க்காமலே கண்மூடிய பெற்றோர் எத்தனை பேர்! காத்திருப்பவர் உயிரோடு, நலத்தோடு காத்திருக்க வேண்டும்.

இன்றே செய்யக்கூடியவை

மருந்தகம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டாம். நீங்கள் போடும் ஒவ்வொரு மருந்தின் பொதுப்பெயரையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தக் கொப்பியைக் கிளினிக் அட்டையோடு வையுங்கள். இன்னொரு முறை இடம்பெயர நேரிட்டாலும் (இறைவன் காப்பாராக) கையில் எடுக்க வேண்டியது அதுவே. கடதாசிப் பையில் பெயரில்லாமல் கலந்து தரும் குளிசைகளை வாங்காதீர்கள். மூட்டுநோவை ஒரே நாளில் பறக்கச் செய்யும் குளிசைகள் சில, சீனியையும் பிறஷரையும் ஏற்றிவிடக்கூடியவை. மருந்து முடியப்போகிறதென்றால் பாதியாக உடைத்து நீட்டிக்காமல், குடும்பநல உத்தியோகத்தரிடமாவது பங்குத்தந்தையிடமாவது அயலவரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இன்சுலின் போடுபவர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையேல், பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானை வைத்து, இடையில் ஈரமணல் இட்டு, நிழலில் வைத்தால் சூடு ஓரளவு தணியும். எத்தனை நாள் வைக்கலாம் என்பதை மருந்தாளரிடம் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் பாணி மருந்து வாங்கிக் குடித்துக் காலம் கடத்தாமல் சளியைப் பரிசோதியுங்கள். காசநோய்க்கு மருந்து இன்றும் இலவசம். பாம்பு கடித்தால் எந்தக் கடைக்கும் போக வேண்டாம், நேரே பெரியாஸ்பத்திரி. பயிர்மருந்துப் போத்தலை வீட்டு மருந்தோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். இரண்டையும் நாம் "மருந்து" என்றே சொல்கிறோம், இருட்டில் கை எதைத் தொடும் என்பது தெரியாது.

அடுத்த மாதக் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், மாதர் சங்கக் கூட்டத்தில், கமக்காரர் அமைப்பில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். உங்கள் ஊரில் மாதந்தோறும் கிளினிக் போகிறவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அதில் எத்தனை பேர் கடந்த மாதம் முழு மருந்தையும் போட்டார்கள் என்று கேளுங்கள். அந்த இரண்டு எண்ணிக்கைக்கும் இடையிலுள்ள வித்தியாசமே உங்கள் ஊருக்கு மருந்தகம் எவ்வளவு தேவை என்பதன் அளவு. அக்கணக்கோடு வைத்திய அதிகாரியிடமும் கூட்டுறவுத் திணைக்களத்திடமும் செல்லுங்கள். பங்குகளில் பணியாற்றும் நாமும் உங்களோடு வருகிறோம்.

பற்றை வெட்டித் தோட்டம் ஆக்கியவர்கள் நீங்கள். உவர் ஏறிய கிணற்றையும் இறைத்து நன்னீர் ஆக்கியவர்கள். ஓர் அறையும், ஒரு மருந்தாளரும், ஒழுங்கான ஒரு கணக்குப் புத்தகமும் உங்கள் கைக்கு அப்பாற்பட்டவை அல்ல.